பதிமூன்றாம் வரிசைக்குக் கேட்டது

2025 ஜூன் 9, திங்கள்

புது சைட், புது நோட்டு. பழைய நோட்டு ஆஸ்பத்திரிக் கட்டடத்தோடு முடிந்தது.

விழுப்புரத்தில் ஏழு மணி பஸ். டிரைவர் பக்கத்து வரிசையில் ஜன்னல் சீட் கிடைத்தது, ஆண்டவருக்கு நன்றி. அங்கே உட்கார்ந்தால் வலது காது ஜன்னலுக்குப் போய்விடும். கண்டக்டர் கேட்பது இடது காதில் விழும். வலது காது செத்து ஆறு வருஷம் ஆகிறது. இடது காதும் அரை நாள் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கிறது. வானூர்ப் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் எட்டு வருஷம் நின்றதற்குக் கிடைத்த பரிசு. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: நானும் என் மகள் அன்புச்செல்வியும்.

காண்ட்ராக்டர் கோகுலகிருஷ்ணனுக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன வருஷம் ஒரு டிராக்டர் டிரைவருக்குக் கண் மங்கல் என்று தெரிந்ததும் அப்படித்தான் அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. சைட்டில் டிராக்டர் ரிவர்ஸில் வரும், மேலேயிருந்து கல் உருளும். காது கேட்காத சூப்பர்வைசரை யார் வைத்துக்கொள்வார்கள்?

சைட் திண்டிவனத்துக்கு வெளியே, மூடிப்போன ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் பின்னால் இருக்கிற பாறைச் சரிவு. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார ஹெட்மாஸ்டர், கிரேக்க நாட்டில் இரண்டாயிரம் வருஷம் பழைய நாடக அரங்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து அதேபோல் இங்கே கட்டினாராம். சரிவில் அரை வட்டமாகப் பதிமூன்று வரிசைக் கல் படிகள். கீழே நடுவில் வட்டமான கல் தரை, அதுதான் மேடை. கூரை கிடையாது, மைக் கிடையாது. கீழே நின்று சாதாரணமாகப் பேசினால் கடைசி வரிசை வரை கேட்கும் என்று திட்ட அறிக்கையில் போட்டிருக்கிறது. நான் நம்பவில்லை. எனக்குப் பக்கத்து சீட்டில் பேசுவதே கேட்பதில்லை.

டிசம்பர் மழையில் மேல் மூன்று வரிசையின் கிழக்குப் பாதி சரிந்துவிட்டது. அதையும் எடுத்துக் கட்டி, மற்ற வரிசைகளையும் செப்பனிட்டு, ஊர்க் கூட்டத்துக்கும் பிள்ளைகள் நாடகத்துக்கும் திறந்துவிட வேண்டும். ஏழு மாத வேலை.

ஜூன் 11

டீக்கடையில் "கிரேக்க அரங்கம் வேலைக்கு வந்திருக்கேன்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒருவர், "ஓ, கிறுக்குக் கொட்டாயா!" என்றார். கிரீக் என்பது நூறு வருஷத்தில் ஊர் வாயில் கிறுக்கு ஆகிவிட்டது. ஆகவே ஒரு கிறுக்கன் கட்டியது என்று கதையும் சேர்ந்துவிட்டது.

எங்கள் கல் மேஸ்திரி துரைக்கண்ணுவும் அதைத்தான் நம்புகிறார். "புத்தி உள்ளவன் எவனாச்சும் கூரை இல்லாம கொட்டா கட்டுவானா மேடம்?"

மனிதர் வேலையில் கெட்டிக்காரர். ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுகிறார். நல்ல கல்லானால் கணீர் என்குமாம், உள்ளே விரிசல் இருந்தால் சொத்தென்று இருக்குமாம். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா?"

கேட்டது என்றேன். அது எந்த ரகம் என்று அடுத்த கேள்வி கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

ஜூன் 13

சித்தாள்கள் பதினாறு பேர். தலைவி மாதிரி இருப்பவள் பொன்னி. மண்ணை அள்ளுவதைவிட அரட்டை அதிகம் அள்ளுகிறாள். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் மேலே ஏறி, இடியாமல் நிற்கிற மேற்குப் பக்கத்துப் பதிமூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அங்கேதான் வேப்பமர நிழல். நான் கீழே மேடை நடுவில் குடையை விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடி முணுமுணுப்பாக ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறேன். தனியாக இருப்பது நிம்மதி. யாரும் ஏதும் கேட்கமாட்டார்கள், நானும் "ஆங்?" என்று முழிக்க வேண்டாம்.

இன்று ஜெபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். காது, அன்புவின் படிப்பு, கடைசியாக அந்தச் சோம்பேறிப் பொன்னிக்குக் கொஞ்சம் புத்தி.

ஜூன் 18

அரசாங்க உதவிப் பொறியாளர் சக்கரபாணி விழுப்புரத்திலிருந்து வந்தார். கெடார்க்காரர், கறார். படிகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல மூணு வரிசைய எடுத்துடலாம்னு ஒரு யோசனை இருக்கு. அங்க கழிப்பறையும் தண்ணித் தொட்டியும் வெச்சா வசதி. அவ்ளோ தூரத்துல யார் உக்காரப் போறா?"

கூடை சுமந்து போய்க்கொண்டிருந்த பொன்னி நின்றுவிட்டாள். "நாங்கதான் சார் உக்காருவோம். முன்னாடி வரிசைல எல்லாம் ஆபீசருங்க, கவுன்சிலருங்க. நாங்க பசங்கள இட்டுக்கினு வந்தா எங்க உக்கார்றது? கழிப்பறைக்குள்ளயா?"

அவர் கோபப்படவில்லை. சென்னை ஆலோசகர் ஒரு சோதனை சொல்லியிருக்கிறாராம். மேடையிலிருந்து வரிசைக்கு வேறு வேறாக முப்பது வார்த்தைகளைச் சாதாரணக் குரலில் ஒருவர் படிக்க வேண்டும். சைட் சூப்பர்வைசர் ஒவ்வொரு வரிசையாக உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுத வேண்டும். பதிமூன்றாம் வரிசைக்குக் கேட்டால் மூன்று வரிசையும் தங்கும். கேட்காவிட்டால் போகும்.

சைட் சூப்பர்வைசர் யார்? ஜெசிந்தா. அதாவது நான். ஊரில் இத்தனை காது இருக்க, இதற்கு என் காதுதானா கிடைத்தது!

ஜூன் 24

சோதனை முடிந்தது.

மேடையில் துரைக்கண்ணு படித்தார். முதல் வரிசையில் முப்பதும் எழுதிவிட்டேன். காதால் அல்ல, அவர் உதட்டால். ஐந்தாம் வரிசையில் இருபத்திரண்டு. பத்தாம் வரிசையில் ஒன்பது. பதிமூன்றில் அவர் வாய் அசைவதே தெரியவில்லை. வேப்பமரத்தில் இலை ஆடுவது மட்டும் தெரிந்தது. தாள் வெள்ளையாக இருந்தது.

என் காதா, கல்லா? மேலே பாதி இடிந்து கிடக்கிறது, சத்தம் அந்த வழியாக ஓடிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தம் என்ன ஆடா, வேலி உடைந்த பக்கம் ஓடிப்போக? 'பத்துக்கு மேல் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேறு யாரையாவது கூட உட்கார வைத்திருக்கலாமே? வைத்தால் அவர் கேட்டதும் நான் கேட்டதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே. அதனால்தான் வைக்கவில்லை. இதை இந்த நோட்டில் மட்டுமாவது உண்மையாக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 25

அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தேன். ஆபீஸிலிருந்து வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூலை 3

ஆர்டர் வந்துவிட்டது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று நீக்கம். கீழ் வரிசைகள் முடிந்ததும் ஆகஸ்டில் பிரிக்க வேண்டும். துரைக்கண்ணு தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொன்னி அரட்டை அடிக்காமல் வேலை செய்தாள். அதைத்தானே கேட்டேன்? கேட்டது கிடைத்தும் சந்தோஷமில்லை.

ஜூலை 10

வேணி என்று ஒரு சின்னப் பெண். எப்போதும் என் வலது பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நடக்கிறாள். பேசுவதும் இல்லை. நான் நின்றால் நிற்கிறாள், திரும்பினால் சுற்றி வந்து மறுபடியும் வலப்பக்கம். "உனக்கு வேற வேலை இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன். சிரித்துவிட்டு இரண்டடி தள்ளி அதே பக்கம் வந்தாள். பேஜாரு.

ஜூலை 17

ஆறாம் வரிசை முடிந்தது. கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து, அடியில் உடைகல் கெட்டித்து, சுண்ணாம்புக் காரை வைத்து, அதே எண்ணில் திரும்ப உட்கார வைக்கிறோம். சிமெண்ட் தொடவே இல்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பதால் சைட் முழுக்க ஈ. துரைக்கண்ணு இப்போதெல்லாம் தட்டிப் பார்த்த கெட்ட கல்லில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுகிறார். எனக்கு வசதியாகப் போயிற்று.

ஜூலை 24, ஆடி அமாவாசை

நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பாதிப் பேர் மேல்மலையனூர் போய்விட்டார்கள். மத்தியானம் நான் வழக்கம்போல் மேடை நடுவில். மேலே நிழலில் பொன்னி, வேணி, இன்னும் மூன்று பேர். கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். இந்த மாதமெல்லாம் ஒரே ஜெபம்தான். நான் பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்த வரிசைகள் போகப் போகின்றன, உண்மையைச் சொல்ல தைரியம் தாரும், இல்லையென்றால் அன்புவின் நர்சிங் முடியும் வரையாவது இந்த இடது காதை விட்டுவையும்.

கண்ணைத் திறந்தால் எதிரில் பொன்னி. கையில் ஒரு தூக்கில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு படிப்பு முடிய இன்னும் எத்தினி மாசம் கீது மேடம்?"

தூக்கிவாரிப் போட்டது. "என் பொண்ணு படிக்கிறது உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான் இப்ப சொன்னீங்க."

"நான் யார்கிட்ட சொன்னேன்?"

"சாமியாண்ட சொன்னீங்க. எங்களுக்கும் கேட்டுது." மேலே கையைக் காட்டினாள். "தெனமும் கேக்கும். நீங்க மெதுவாத்தான் பேசறதா நெனச்சிக்கினு இருக்கீங்க போல. மெதுவா பேசினாலும் இந்தக் கொட்டாயில கேக்கும் மேடம். அங்க உக்காந்தா எங்க காதாண்ட வந்து பேசற மாதிரியே கீது."

நான் அண்ணாந்து பதிமூன்றாம் வரிசையைப் பார்த்தேன்.

"எனக்கு புத்தி குடுக்கச் சொன்னீங்களே," என்றாள், "குடுத்தாரா பாருங்க." சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. அதற்கு மேல் நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. மூக்கு ஒழுகியது. அவள் மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மேலே இருப்பவர் கேட்கிறாரோ இல்லையோ என்று ஆறு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மேலே பொன்னி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூலை 25

நேற்று எழுதாமல் விட்டது.

ஜூன் மாதத்திலிருந்தே என் காது விஷயம் எல்லாருக்கும் தெரியும். முதல் வாரத்து ஜெபத்திலேயே தெரிந்துவிட்டது. எல்லாம் பொன்னியின் ஏற்பாடு. ஒருமுறை டிராக்டர் ரிவர்ஸில் வந்தபோது நான் விலகவே இல்லையாம், டிரைவர் கத்திக் கத்திப் பிரேக் போட்டானாம். எனக்கு அது நடந்ததே தெரியாது! அன்றிலிருந்து வேணியை என் செத்த காதுப் பக்கம் நடக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மேல் நான் எரிந்து விழுந்தேனே. துரைக்கண்ணுவின் சாக்பீஸ் குறியும் அவருடைய பழக்கமில்லை, எனக்காக. யாரும் என் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை, எதிரே வந்துதான் பேசுகிறார்கள். இவர்கள் எல்லாரும் நல்ல மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல?" என்று இன்று கேட்டேன்.

"நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சப்பால நாங்க எப்டி மேடம் சொல்றது?" என்றாள் வேணி. அவள் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

சரி, ஜெசிந்தா, இப்போது என்ன? அரங்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் கிறுக்கர் இல்லை. ரிப்போர்ட்தான் பொய். அந்தப் பெண்கள் தங்கள் வரிசை போகிறது என்று தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சக்கரபாணியிடம் சொல்லியிருந்தால் போதும். அந்த மேடத்துக்குக் காது கேக்காது சார், அவ்வளவுதான். சொல்லவில்லையே. ஒருத்தியும் சொல்லவில்லையே.

அன்புவுக்கு மெசேஜ் போட்டேன். 'சொல்லிடும்மா. வேல போனா போவுது' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவள் ஃபீஸ் கட்டுவதும் இந்த வேலைதான். ஆனாலும் அதைப் படித்தபிறகு தூங்கினேன்.

ஜூலை 28, திங்கள்

விழுப்புரம் ஆபீஸ். சக்கரபாணி சாரின் மேஜை முன்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் தப்பு. அரங்கத்தில் குறையில்லை, என் காதில்தான் குறை. வலது சுத்தமாக இல்லை, இடது பாதி.

அவர் பேனாவை மூடினார். "ஏம்மா, கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் மேல போய், ஆர்டரும் வந்தாச்சு. இப்ப வந்து சொல்றீங்க. ஒரு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பயந்துக்கினு இருந்தேன் சார்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆர்டரை மாற்ற அவர் எத்தனை பேரிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்று சொன்னார். நியாயமான கோபம், வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "வாயால சொன்னா பத்தாது. காது விஷயத்த எழுதிக் குடுங்க. ஃபைல்ல வெக்கணும். உங்க காண்ட்ராக்டருக்கும் காப்பி போகும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். ஆறு வருஷமாகப் பஸ் சீட்டிலிருந்து நாற்காலி போடும் திசை வரைக்கும் யோசித்து யோசித்து மறைத்ததை, நாலு வரியில் எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது.

ஜூலை 29

கோகுலகிருஷ்ணன் போன் பண்ணினார். எடுக்கவில்லை, எடுத்தாலும் கேட்காது. நேரில் சைட்டுக்கே வந்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் எங்கே? மேடை நடுவில்! மேலே பதினாறு பேர் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டிராக்டர் அடிச்சிருந்தா யார் பதில் சொல்றது? உங்க பொண்ணுக்கு நானா போய் சொல்றது?" என்று கத்தினார். கத்தியதால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "இனிமே வண்டி, மெஷின் பக்கம் போகவே கூடாது. இந்த வேலை முடியட்டும். அப்பால வெச்சிக்கலாமா வேணாமான்னு பாக்கறேன்."

அப்பால என்ன ஆகுமோ தெரியாது. இன்றைக்கு வேலை இருக்கிறது. அதற்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 6

மறுசோதனை.

இந்தத் தடவை புதுப் பட்டியலை நான் படித்தேன், மற்றவர்கள் கேட்டார்கள். பதிமூன்றாம் வரிசையில் சக்கரபாணி சார், வேணி, துரைக்கண்ணு. மூன்று பேரும் தள்ளித் தள்ளி, கையில் தாளோடு. பொன்னிக்கு எழுத வராது, அதனால் யாரும் காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர். கதவு. பாரம். மாடு. ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் படித்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அது அவ்வளவு தூரம் ஏறிப்போகிறது என்பதை நம்பித்தான் ஆகவேண்டும். முப்பதும் முடிந்தபின், பட்டியலில் இல்லாத ஒன்றை மெதுவாகச் சொன்னேன். "மன்னிச்சுக்குங்க சார்."

தாள்கள் கீழே வந்தன. துரைக்கண்ணு முப்பது. வேணி முப்பது. சக்கரபாணி சார் இருபத்தொன்பது, பாரத்தைப் பாலம் என்று எழுதியிருந்தார். "வேப்பமரம் பக்கத்துல காத்து அடிச்சிச்சு," என்றார். பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் தாளில் முப்பதுக்குக் கீழே முப்பத்தொன்று என்று எண் போட்டு, நான் சொன்னதையும் அப்படியே எழுதி, மற்றதற்குப் போட்ட மாதிரியே ஒரு டிக் போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 29

புது ஆர்டர். மூன்று வரிசையும் கட்டலாம். கழிப்பறை பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறது.

செப்டம்பர் 19

சரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பதிமூன்றாம் வரிசைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகப் பழைய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. எவனோ மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறான். தண்ணீர் தேங்கித் தேங்கிக் கல்லை முன்னால் தள்ளிவிட்டது. தோண்டத் தோண்ட அழகான கல் வாய்க்கால் வந்தது. நூறு வருஷத்துக்கு முன் மட்டம் பார்த்தவன் நல்ல வேலைக்காரன். அவன் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அக்டோபர் 11

அன்பு லீவில் வந்து இழுத்துக்கொண்டு போய்க் காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். கடவுளே, உலகத்தில் இவ்வளவு சத்தமா! பாத்திரம் கழுவினால் பத்து வீட்டுக்குக் கேட்கிறது. காக்கை கத்துவதை மறந்தே போயிருந்தேன், நிறுத்தாமல் கத்துகிறது. பக்கத்துப் பேச்சு தேவலை. தூரத்துப் பேச்சு இன்னும் எட்டவில்லை. மாட்டும் முன்பே டாக்டர் சொன்னார், இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று. சரி, எதிர்பார்க்கவில்லை. அன்பு "அம்மா" என்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டது கேட்டது. அது போதும்.

நவம்பர் 20

மழை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. கல் ஒன்றும் நகரவில்லை.

2026 ஜனவரி 24, சனி

திறப்பு விழா.

முதலில் வேடிக்கை. பிளெக்ஸ் கடைக்காரர் பேனரில் 'கிறுக்க பாணி திறந்தவெளி அரங்கம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கட்டிவிட்டார். சக்கரபாணி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கழற்ற நேரமில்லை. ஊர்க்காரர்கள் யாரும் அதைத் தப்பென்றே நினைக்கவில்லை.

மைக்செட்காரர்கள் ஆளுயரப் பெட்டிகளோடு வந்தார்கள். சார் திருப்பி அனுப்பினார். முன் வரிசையில் பெரியவர்களுக்குத் துண்டு விரித்திருந்தார்கள். ஆனால் முதலில் நிறைந்தது பதிமூன்றாம் வரிசைதான். குழந்தையும் குட்டியுமாக வேப்ப நிழலுக்கு ஏறிவிட்டார்கள்.

அழைப்பிதழில் எல்லார் பேரும் இருந்தது, கட்டியவர்கள் பேர் தவிர. நன்றியுரைக்கு எனக்கு இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கினேன். மேடை நடுவில் நின்று, எப்போதும் ஜெபம் பண்ணுகிற குரலிலேயே பேர்களைப் படித்தேன். துரைக்கண்ணு என்றேன், மேலே அவர் எழுந்து நின்றார். வேணி என்றேன், வேணி நின்றாள். பொன்னி என்றபோது இடுப்பில் பேரப்பிள்ளையோடு எழுந்தாள். காது மெஷின் மாட்டியும் மேலேயிருந்து எனக்கு ஒரு சத்தமும் எட்டவில்லை. என் சொல் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தப்பு நடந்தது. கலைப்பிரியா என்ற சித்தாள் பெயரை விட்டுவிட்டேன். அவள் மேலேயிருந்து கத்தியிருக்கிறாள், பக்கத்தில் இருந்தவர்களும் கத்தியிருக்கிறார்கள். ஐந்நூறு பேருக்குக் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு நன்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! வேணி படிகளில் இறங்கி ஓடிவந்து என் காதில் சொன்னாள். எல்லார் முன்னாலும், "எனக்குக் காது கேக்காது, மன்னிக்கணும்," என்று சொல்லிவிட்டு, கலைப்பிரியா பேரை இரண்டு தடவை சொன்னேன். அவள் கோபம் தீர்ந்து கையை ஆட்டினாள்.

பிறகு பிள்ளைகள் நாடகம். நான் மேலே போய்ப் பொன்னி பக்கத்தில் உட்கார்ந்தேன். வசனம் ஒன்றும் விழவில்லை. அவள் சிரித்தபோது நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் இத்தனை பேருக்கு நான் கடன்பட்டதில்லை. நன்றி என்ற சொல் இதற்குப் பத்தாது, ஆனாலும் எழுதிவைக்கிறேன். நன்றி.

பிப்ரவரி 9, திங்கள்

புது சைட். நோட்டில் இன்னும் பக்கம் இருப்பதால் இதிலேயே எழுதுகிறேன். கெடாரில் சமுதாயக்கூடம். கோகுலகிருஷ்ணன் ஒரே வரியில் மெசேஜ் போட்டிருந்தார்: 'திங்கள் காலை கெடார். மெஷின் பக்கம் போகாதீங்க.'

காலையில் ஆட்கள் எல்லாரும் கூடியதும் முதல் காரியமாகச் சொன்னேன். "என் பேரு ஜெசிந்தா. எனக்கு வலது காது கேக்காது. எடது பக்கம் வந்து பேசுங்க."

கூட்டம் கலைந்தபிறகு மேஸ்திரி சவுரிராயன் தயங்கித் தயங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"எனக்கு எடது காது போயிடுச்சு மேடம். கல்குவாரில வெடி வெச்சதுல. பன்னெண்டு வருசமாச்சு. யாராண்டயும் சொன்னதில்ல."

அவர் என் இடப்பக்கம் வந்து நின்றார். அப்படி நின்றால் நான் அவருக்கு வலப்பக்கம். இரண்டு நல்ல காதும் நடுவில் வந்துவிட்டன. அப்படியே அஸ்திவாரம் தோண்டுகிற இடத்துக்கு நடந்தோம். ஆறடி ஆழம் வேண்டும் என்றார். இந்த மண்ணுக்கு நாலரை அடி போதும் என்றேன். உங்களுக்கு இந்த ஊர் மண்ணைப் பற்றித் தெரியாது என்றார். ஒரு வார்த்தை விடாமல் இருவருக்கும் கேட்டது.